எண்ணெய்க் கலனிலுள்ள இலக்கமும் எழுத்தும்

கமக்காரர்களே,

விதைநெல் வாங்கும்போது நீங்கள் மிகுந்த கவனம் எடுத்துக்கொள்ளுகிறீர்கள். மூடையில் அத்தாட்சிச் சீட்டு இருக்கின்றதா, இனம் எது, எப்போகத்தில் விளைந்தது, முளைதிறன் எத்தனை வீதம் என்பனவற்றைப் பார்த்த பின்னரே பணத்தைக் கொடுக்கிறீர்கள். சீட்டில்லாத மூடையைக் கடைக்காரர் எத்துணை புகழ்ந்தாலும் நீங்கள் வாங்குவதில்லை. ஆனால் நீரிறைக்கும் இயந்திரத்துக்கோ உழவு இயந்திரத்துக்கோ எண்ணெய் வாங்கப் போகும்போது, "நாற்பதாம் நம்பர் ஒயில் ஒரு லீற்றர்" என்று மாத்திரம் கேட்டு, கிடைத்ததை வாங்கி வருகிறீர்கள். அந்த நாற்பது எதனைச் சொல்லுகின்றது, எதனைச் சொல்லவில்லை என்பதை அறியாமையால் வரும் நட்டம், விதைநெல்லில் ஏமாறுவதால் வரும் நட்டத்துக்குக் குறைந்ததன்று. அதனை விளக்குவதே இப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

ஓர் அனுபவம்

இதனை எழுதுவதற்குக் காரணமாயிருந்த நிகழ்ச்சியை முதலிற் கூறிவிடுதல் நன்று. எனது பிரிவிலுள்ள கமக்காரர் ஒருவர் ஆறு பரப்பு நிலத்தில் சின்ன வெங்காயம் நட்டிருந்தார். தமது நீரிறைக்கும் இயந்திரத்துக்கு எந்த எண்ணெய் நல்லது என்று அவர் என்னிடம் கேட்டார். "நாற்பது வாங்குங்கள், ஐயா" என்று கூறிவிட்டு நான் அடுத்த தோட்டத்துக்குச் சென்றுவிட்டேன். அவரும் நாற்பது என்று பெரிதாக அச்சிடப்பட்ட கலனொன்றை மலிவாக வாங்கி ஊற்றினார். வெங்காயம் குமிழ் திரளும் பருவத்தில் ஒருநாட் காலை இயந்திரம் இறுகி நின்றுவிட்டது. எண்ணெயின் மட்டம் குறையவில்லை என்றும், ஆனால் எண்ணெய் நீர்த்துப்போய், பெயரிங்கும் சிலிண்டரும் கீறுண்டு கிடக்கின்றன என்றும் கழற்றிப் பார்த்த மெக்கானிக் கூறினார். உதிரிப்பாகங்கள் வந்து சேரப் பதினொரு நாட்கள் சென்றன. அயற்றோட்டத்தவர் இருமுறை தண்ணீர் கொடுத்து உதவியும் பயிரிற் பாதி வாடிற்று.

குற்றம் எண்ணெயினது என்று உறுதியாகக் கூற என்னால் முடியவில்லை. எரிபொருள் கசிந்து எண்ணெயோடு கலந்திருந்தாலும் அது நீர்த்திருக்கும். முறைப்பாடு செய்யலாமென்று கலனை எடுத்துப் பார்த்தேன். அதில் உற்பத்தியாளரின் பெயர் இல்லை, முகவரி இல்லை, தொகுதி இலக்கம் இல்லை, தர எழுத்தும் இல்லை. நாற்பது என்னும் இலக்கமும் உழவு இயந்திரமொன்றின் படமுமே இருந்தன. அந்த எண்ணெய் எந்த அளவுக்கு உட்பட்டிருக்க வேண்டியது என்று எவரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆகவே அது அந்த அளவிலிருந்து தவறியது என்று நிரூபிக்கவும் வழியில்லை. நான் கூறிய அறிவுரையும் முழுமையானதன்று. இலக்கத்தைச் சொன்னேன்; எழுத்தைச் சொல்லவில்லை. அக்குறையை இங்கே தீர்க்க முயலுகிறேன்.

எண்ணெய் செய்யும் வேலைகள்

இயந்திரத்தினுள் உலோகம் உலோகத்தோடு உராயாதபடி இடையே மெல்லிய படலமாக நிற்பது எண்ணெயின் முதல் வேலை. பிஸ்டனின் வெப்பத்தைச் சுமந்து செல்லுதல், கரியையும் துகள்களையும் படியவிடாது தன்னுள் தாங்கி வைத்திருத்தல், எரிபொருள் எரிவதால் உண்டாகும் அமிலத்தை முறித்தல், துருப் பிடியாது காத்தல் ஆகியன அதன் ஏனைய வேலைகள்.

முதல் வேலை பெரும்பாலும் எண்ணெயின் தடிப்பைப் பொறுத்தது. ஏனைய வேலைகள் அதிற் சிறிய அளவிற் கலக்கப்படும் இரசாயனச் சேர்மானங்களைப் பொறுத்தவை. கலனிலுள்ள இலக்கம் தடிப்பை மாத்திரமே கூறும். சேர்மானங்களின் தரத்தைக் கூறுவது எழுத்து. இவ்விரண்டும் வெவ்வேறானவை என்பதை மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள். இப்பாடத்தின் உயிர்நிலை அதுவே.

பாகுநிலை என்றால் என்ன?

ஒரு திரவம் ஓடுவதற்குக் காட்டும் தடையைப் பாகுநிலை என்பர். தண்ணீர் விரைந்து ஓடும். தேன் மெல்ல இழியும். ஆதலால் தேனின் பாகுநிலை கூடியது. வெப்பம் ஏறப் பாகுநிலை குறையும். தாச்சியில் விடும்போது மெல்ல இழியும் நல்லெண்ணெய், காய்ந்ததும் தண்ணீர்போலத் தளம்புவதை உங்கள் வீட்டுச் சமையலறையிற் காணலாம். இயந்திர எண்ணெயும் அவ்வாறே.

இதனை அளக்கும் அலகுகளில் ஒன்று சென்ரிஸ்ரோக் எனப்படும். 20 பாகை செல்சியஸ் வெப்பநிலையிலுள்ள தண்ணீரின் பாகுநிலை ஏறக்குறைய 1 சென்ரிஸ்ரோக். இப்போது கடைகளிற் கிடைக்கும் 15டபிள்யூ-40 என்னும் எண்ணெய் 40 பாகையில் ஏறக்குறைய 110 சென்ரிஸ்ரோக் உடையதாயிருக்கும். அதே எண்ணெய் 100 பாகைக்குச் சூடேறியதும் 14 அல்லது 15 சென்ரிஸ்ரோக்குக்கு இறங்கிவிடும். கையிலே தொட்டுப் பார்த்துத் தடிப்பானது என்று நீங்கள் எண்ணும் எண்ணெய், வேலை செய்யும் இயந்திரத்தினுள் ஏழிலொரு பங்கு தடிப்புடனேயே நிற்கின்றது. எனவே கையால் தொட்டறிந்து எண்ணெயை மதிப்பிடுதல் சரியான முறையன்று.

இலக்கங்களின் பொருள்

எண்ணெய்களுக்கு இலக்கமிடும் இம்முறையை 1911 ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் வாகனப் பொறியியலாளர் சங்கம் வகுத்தது. அச்சங்கத்தின் பெயர்ச் சுருக்கமே கலன்களிற் காணப்படும் எஸ்.ஏ.ஈ. என்னும் மூன்றெழுத்து. பலமுறை திருத்தப்பட்டு இன்று உலகெங்கும் வழங்குகின்ற அம்முறையின்படி, 100 பாகை வெப்பநிலையில் எண்ணெயின் பாகுநிலை பின்வரும் எல்லைகளுக்குள் இருத்தல் வேண்டும்.

இலக்கம் 30: 9.3 சென்ரிஸ்ரோக் முதல் 12.5 க்குக் குறைய.
இலக்கம் 40: 12.5 முதல் 16.3 க்குக் குறைய.
இலக்கம் 50: 16.3 முதல் 21.9 க்குக் குறைய.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் புலப்படும். முதலாவது, நாற்பது என்பது ஓர் அளவன்று, ஓர் எல்லை. ஒருவர் 12.6 உடைய எண்ணெயையும், இன்னொருவர் 16.2 உடைய எண்ணெயையும் நாற்பது என்றே விற்கலாம். இருவரும் பொய் சொன்னவராகார். தமது எண்ணெய் எல்லையின் எப்பக்கத்தில் நிற்கின்றது என்பதை, உற்பத்தியாளர் வெளியிடும் விபரத்தாள் ஒன்றே காட்டும். இரண்டாவது, இவ்வெல்லைகள் தடிப்பைப் பற்றியன மாத்திரமே. இலக்கம் கூடக்கூடத் தரம் கூடும் என்று கருதுதல் தவறு. ஐம்பது நாற்பதிலும் மேலானதன்று, தடித்தது, அவ்வளவே.

சில கலன்களில் 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 என இரண்டு இலக்கங்கள் உண்டு. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதன் முன்னுள்ள இலக்கம், கடுங்குளிரில் இயந்திரத்தை முடுக்கும்போது எண்ணெய் எவ்வளவு இலகுவாக இயங்கும் என்பதைக் காட்டும். 15டபிள்யூ என்னும் எண்ணெயைப் பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகையிலும் 25 பாகையிலும் வைத்துச் சோதிப்பர். 20டபிள்யூ என்பதைப் பூச்சியத்துக்குக் கீழ் 15 பாகையிலும் 20 பாகையிலும் சோதிப்பர். நுவரெலியாவில் தை மாசி மாதங்களில் உருளைக்கிழங்குப் பயிரின் மேல் உறைபனி படியும் நாளிலும் நமது நாட்டில் அத்தகைய குளிர் இல்லை. ஆகவே குளிருக்காக மாத்திரம் முன்னிலக்கம் குறைந்த விலையுயர்ந்த எண்ணெயை நமது கமக்காரர் தேடவேண்டியதில்லை. இயந்திரக் கைநூல் அத்தகைய எண்ணெயையே விதித்திருப்பின் அது வேறு விடயம். அப்போது கைநூலையே பின்பற்றுக.

இரண்டு இலக்கமுள்ள பெரும்பாலான எண்ணெய்களில், நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளையுடைய சேர்மானமொன்று கலக்கப்பட்டிருக்கும். அது வெப்பத்தில் விரிந்து, எண்ணெய் அளவுக்கு மேல் நீர்த்துப் போகாது தடுக்கும். தரங்குறைந்த சேர்மானமாயின் பெயரிங்கின் நெரிவில் அச்சங்கிலிகள் விரைவில் அறுந்துவிடும். கலனில் 50 ஆக இருந்த எண்ணெய் சில நாள் உழவின்பின் 40 ஆகவும் அதற்குக் குறைவாகவும் இறங்கிவிடக்கூடும். வாங்கும்போது இலக்கம் உண்மையாயிருந்தும் பின்னர் பயன் கெடுவது இவ்வாறே.

தடித்த எண்ணெய் காக்குமா?

பழைய இயந்திரத்துக்குத் தடித்த எண்ணெயே நல்லது என்னும் எண்ணம் நம்மிடையே பரந்துள்ளது. தேய்ந்த இயந்திரம் எண்ணெயை எரித்துப் புகை கக்கும்போது, கைநூல் அனுமதிக்கும் எல்லைக்குள் ஒரு படி தடித்த எண்ணெயைப் பாவிப்பதாற் சிறிது பயன் உண்டு. ஆனால் அளவுக்கு மேல் தடித்த எண்ணெய் ஒடுங்கிய துளைகளூடாகச் சென்று சேரத் தாமதமாகும். இயந்திரம் முடுக்கப்பட்ட முதற் சில கணங்களில், எண்ணெய் எட்டாத இடங்கள் உலர்ந்த நிலையிலேயே உராய்கின்றன. அன்றியும், தடித்த எண்ணெயைக் கலக்குவதற்கே எரிபொருள் வீணாகின்றது.

சிறிய நீரிறைக்கும் இயந்திரங்கள் பலவற்றில் எண்ணெயைத் தள்ளும் பம்பி இல்லை. இணைதண்டின் அடியிலுள்ள சிறு அகப்பை போன்ற உறுப்பு எண்ணெயை வாரித் தெறிக்கின்றது. எண்ணெய் மிகத் தடித்ததாயின் போதிய அளவு தெறியாது. ஆகவே உங்கள் இயந்திரக் கைநூலில் 30 அல்லது 10டபிள்யூ-30 என்று குறித்திருந்தால், அயலவர் 50 ஊற்றுகின்றார் என்பதற்காக நீங்களும் 50 ஊற்றவேண்டாம்.

மூன்று வகை இலக்கங்கள்

கடையில் எண்ணெய்க் கலன்கள் வரிசையாக நிற்கும்போது 40, 68, 90 என்னும் இலக்கங்களைக் காண்பீர்கள். இவற்றை ஒரே அளவுகோலின் படிகள் என்று எண்ணிவிடாதீர்கள். இவை மூன்று வெவ்வேறு முறைகள்.

இயந்திர எண்ணெயின் 40 பற்றி மேலே கூறினோம். பற்சில்லுப் பெட்டிக்குரிய எண்ணெயின் 90 வேறொரு முறையைச் சேர்ந்தது. அதன் எல்லை 100 பாகையில் 13.5 சென்ரிஸ்ரோக் முதல் 18.5 க்குக் குறைய. அதாவது 90 ஆம் இலக்கக் கியர் எண்ணெய், தடிப்பில் 40 அல்லது 50 ஆம் இலக்க இயந்திர எண்ணெயை ஒத்ததே, இருமடங்கு தடித்ததன்று. ஆனால் அதிலுள்ள சேர்மானங்கள் வேறு. தடிப்பு ஒத்திருக்கின்றது என்று ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை ஊற்றுதல் கூடாது. நீரியல் அமுக்கத் தொகுதிக்குரிய 46, 68 என்பன 40 பாகையில் அளந்த சென்ரிஸ்ரோக் அளவுகள். 46 என்பது 41.4 க்கும் 50.6 க்கும் இடைப்பட்டது. அம்முறையில் 100 எனக் குறிக்கப்படும் எண்ணெய் இயந்திர எண்ணெயின் 30 ஐ ஏறக்குறைய ஒத்திருக்கும்.

எழுத்துக்களின் பொருள்

இனி எழுத்துக்களைப் பார்ப்போம். அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனம் எண்ணெயின் தரத்தை எழுத்துக்களாற் குறிக்கும் முறையொன்றை வகுத்துள்ளது. கலன்களில் ஏ.பி.ஐ. என்று காண்பது அதன் பெயர்ச் சுருக்கம். எஸ் என்னும் எழுத்துடன் தொடங்குவன பெற்றோல் இயந்திரத்துக்கும், சி என்னும் எழுத்துடன் தொடங்குவன டீசல் இயந்திரத்துக்கும் உரியவை. அடுத்து வரும் எழுத்து அகர வரிசையில் முன்னேற, தரம் பிற்காலத்தது என்று கொள்ளலாம். டீசல் எண்ணெய்களில் சிஎப்-4 1990 ஆம் ஆண்டிலும், சிஎச்-4 1998 ஆம் ஆண்டிலும், சிஐ-4 2002 ஆம் ஆண்டிலும், சிஜே-4 2006 ஆம் ஆண்டிலும், சிகே-4 2016 ஆம் ஆண்டிலும் வந்தன. பெற்றோல் எண்ணெய்களில் எஸ்என் 2010 ஆம் ஆண்டிலும் எஸ்பி 2020 ஆம் ஆண்டிலும் வந்தன.

இவ்வெழுத்தின் பெறுமதியை உணர்த்த ஓர் உதாரணம் போதும். எஸ்ஏ என்னும் மிகப் பழைய தரத்தில் சேர்மானம் எதுவும் இல்லை. 1930 ஆம் ஆண்டுக்குப் பின்னர் செய்யப்பட்ட பெற்றோல் இயந்திரங்களில் பெரும்பாலானவற்றுக்கு அது தகாதென்று அந்நிறுவனமே எச்சரித்துள்ளது. ஆயினும் எஸ்ஏ தரமுள்ள ஓர் எண்ணெய், இலக்கத்தில் நாற்பதாக இருக்கலாம். நாற்பது என்று அச்சிட்டது பொய்யாகாது. ஆனால் அதை ஊற்றிய இயந்திரம் கெடும். தர எழுத்து எதுவுமே இல்லாத கலனில் இருப்பது எஸ்ஏ தரத்ததா, அதனினும் கீழானதா என்று கடைக்காரருக்குந் தெரியாது.

டீசல் இயந்திரம் உடையோர் காரஎண் என்னும் அளவையும் அறிந்திருத்தல் நன்று. டீசலிலுள்ள கந்தகம் எரிந்து அமிலமாகும்போது அதனை முறிக்க எண்ணெயிற் சேமித்துள்ள காரத்தின் அளவு அது. சிஐ-4 தரத்து எண்ணெய்களில் இது ஏறக்குறைய 10 ஆக இருப்பது வழக்கம். பாவனையில் இது குறைந்துகொண்டே வரும். எண்ணெய் பார்வைக்கு நன்றாயிருந்தும் குறித்த மணித்தியாலத்தில் மாற்றவேண்டும் என்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

சொற்களைப் பிரித்தறிதல்

உற்பத்தியாளர் கலனில் எழுதும் வாசகங்கள் எல்லாம் ஒரே நிறையுடையவை அல்ல. அவற்றை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, உரிமம் பெற்ற குறி. ஏ.பி.ஐ. நிறுவனத்திடம் உரிமம் பெற்றோர் தமது கலனில் வட்ட வடிவான குறியொன்றை இடலாம். அவ்வட்டத்தின் மேற்பாகத்தில் தர எழுத்தும், நடுவில் பாகுநிலை இலக்கமும் இருக்கும். உரிமம் பெற்றோரின் பட்டியலை அந்நிறுவனம் இணையத்தில் வெளியிடுகின்றது. கடைகளில் விற்கும் கலன்களை எடுத்துச் சோதிக்கவும் செய்கின்றது. உங்கள் பிள்ளைகள் கைத்தொலைபேசியிற் சில நிமிடங்களில் அப்பட்டியலைப் பார்த்துச் சொல்லுவர். குறியைக் கள்ளமாக அச்சிட்டவரும் அங்கே அகப்படுவர்.

இரண்டாவது, "சிஐ-4 தரத்தை நிறைவு செய்கின்றது" என்பது போன்ற வாசகம். இது உற்பத்தியாளர் தாமே கூறும் வாக்கு. அது உண்மையாகவும் இருக்கலாம். உரிமம் பெறுதல் கட்டாயமன்று. உரிமம் பெறாத நல்ல எண்ணெய்களும் உண்டு. ஆயினும் வாக்குக் கொடுத்தவர் தமது பெயர், முகவரி, தொகுதி இலக்கம், விபரத்தாள் ஆகியவற்றையும் கொடுத்திருத்தல் வேண்டும்.

மூன்றாவது, "எல்லா இயந்திரங்களுக்கும் ஏற்றது", "உயர்ந்த தரம்", "கமக்காரரின் நண்பன்" என்பன போன்ற வாசகங்கள். இவற்றில் அளக்கத்தக்கது எதுவுமில்லை. அளக்க முடியாத வாக்கை மீறினார் என்று ஒருவரையுங் குற்றங்கூற முடியாது.

மிசூரிக் கமக்காரர் கற்ற பாடம்

இல்லாத அளவுகோலைக் காட்டி விற்பதால் வரும் கேட்டுக்கு அமெரிக்க நாட்டிலே நடந்ததொன்று சான்று. 1960களில் ஜோன் டியர் நிறுவனம் தனது உழவு இயந்திரங்களின் நீரியல் தொகுதிக்கும் பற்சில்லுகளுக்கும் 303 என்னும் எண்ணெயை விதித்திருந்தது. எண்ணெய்த் திமிங்கிலத்திலிருந்து பெற்ற எண்ணெய் அதில் முக்கியமான சேர்மானம். அருகிவரும் உயிரினங்களைக் காக்கும்பொருட்டு 1970களின் தொடக்கத்தில் அந்நாட்டில் திமிங்கில எண்ணெய் தடைசெய்யப்பட்டது. நிறுவனமும் 303 ஐக் கைவிட்டு, வேறு எண்ணெயையும் வேறு தரவிதியையும் வகுத்துக்கொண்டது. அத்துடன் 303 என்னும் தரம் இல்லாதொழிந்தது.

ஆனால் இலக்கம் கமக்காரரின் நாவில் நின்றது. பல வியாபாரிகள் மஞ்சள் வாளிகளில் 303 என்று அச்சிட்டு மலிவான திரவங்களைப் பல ஆண்டுகள் விற்றனர். அவை 303 இன் தரத்துக்குக் குறைந்தவை என்று எவராலுங் காட்ட முடியவில்லை. ஏனெனில் ஒப்பிட்டுப் பார்க்க 303 என்றொரு தரமே இருக்கவில்லை. முடிவில் மிசூரி மாநிலக் கமத்தொழிற் பகுதியினர் அத்திரவங்களைச் சோதித்து, 2017 ஆம் ஆண்டில் 303 என்னும் பெயரில் அவற்றை விற்பதை நிறுத்தினர். பம்பிகளும் முத்திரை வளையங்களும் பற்சில்லுகளும் தேய்ந்து கெட்டன என்று கமக்காரர் நீதிமன்றங்களிலும் வழக்குத் தொடுத்தனர்.

படிப்பறிவும் வசதியும் மிக்க நாட்டுக் கமக்காரரும் ஓர் இலக்கத்தைப் பழக்கத்தால் நம்பி ஏமாந்தனர். அவர்கள் கேளாது விட்ட கேள்வி ஒன்றே: "இவ்விலக்கம் யார் வகுத்த அளவு? இன்றும் அது வழக்கில் உள்ளதா?"

கடையிற் செய்யவேண்டியவை

1. முதலில் வீட்டிலே இயந்திரக் கைநூலை எடுத்து, அதிலுள்ள பாகுநிலை இலக்கத்தையும் தர எழுத்தையும் ஒரு துண்டிற் குறித்துக்கொள்ளுங்கள். கைநூல் இல்லையாயின் இயந்திரம் வாங்கிய இடத்திற் கேளுங்கள். இரண்டையும் இயந்திரத்தின் மேல் வர்ணத்தால் எழுதிவைத்தல் இன்னும் நல்லது.

2. சுட்டுத்துண்டில் இலக்கம், எழுத்து, உற்பத்தியாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், தொகுதி இலக்கம், கொள்ளளவு ஆகிய ஐந்தும் உண்டா என்று பாருங்கள். ஒன்று குறைந்தாலும் கேள்வி கேளுங்கள்.

3. மூடி முத்திரை உடையாதிருத்தல் வேண்டும். பெரிய பீப்பாவிலிருந்து அளந்து ஊற்றித் தரும் எண்ணெய்க்குச் சுட்டுத்துண்டு இல்லை. பீப்பாவின் சுட்டுத்துண்டை நீங்களே பார்த்தாலன்றி அதனை வாங்காதீர்கள்.

4. விபரத்தாளைக் கேளுங்கள். 100 பாகையிலும் 40 பாகையிலும் பாகுநிலை, காரஎண் ஆகியவை அதில் இருக்கும். நேர்மையான உற்பத்தியாளர் இதனை மறைப்பதில்லை.

5. பற்றுச்சீட்டில் எண்ணெயின் பெயரையும் இலக்கத்தையும் எழுதுவித்துக்கொள்ளுங்கள். இயந்திரம் கெட்டால், கலனையும் அதில் எஞ்சிய எண்ணெயையும் பற்றுச்சீட்டையும் எறிந்துவிடாது பாதுகாத்து, 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்குக் காலந்தாழ்த்தாது எழுத்துமூலம் முறைப்பாடு செய்யுங்கள்.

ஆறு பரப்பு வெங்காயத்தை நம்பியிருப்பவருக்கு ஒரு கலனில் மிச்சம் பிடிக்கும் சில நூறு ரூபாய் பெரிதாகவே தோன்றும். அதனை நாம் மறுக்கவில்லை. விலை கூடிய எண்ணெயை வாங்குக என்பதன்று எமது அறிவுரை. விலை எதுவாயினும், பெயரும் எழுத்தும் உள்ள எண்ணெயை வாங்குக என்பதே.

வீட்டிற் செய்யத்தக்க சோதனைகள்

ஒரே அளவான இரண்டு சிறிய கண்ணாடிப் போத்தல்களை எடுங்கள். ஒன்றில் உங்களுக்கு நன்கு தெரிந்த எண்ணெயையும், மற்றதில் அதே இலக்கமுள்ள புதிய எண்ணெயையும், மேலே ஒரே அளவு வெற்றிடம் விட்டு ஊற்றி இறுக மூடுங்கள். இரண்டையும் ஒரு மணித்தியாலம் நிழலில் அருகருகே வைத்தால் அவற்றின் வெப்பநிலை ஒன்றாகும். பின்னர் இரண்டையும் ஒரே நேரத்தில் தலைகீழாகக் கவிழ்த்துக் குமிழி மேலெழுவதைப் பாருங்கள். ஒன்று மிக விரைவாக எழுந்தால் அவ்வெண்ணெயின் பாகுநிலை குறைந்தது. ஒற்றை இலக்க எண்ணெயை ஒற்றை இலக்கத்தோடும், இரட்டை இலக்க எண்ணெயை இரட்டை இலக்கத்தோடுமே ஒப்பிடுங்கள். இச்சோதனை பெருங் கலப்படத்தைக் காட்டும். சேர்மானங்களின் தரத்தைக் காட்டாது. ஆகவே குமிழிச் சோதனையில் தேறியது என்பதற்காகச் சுட்டுத்துண்டில்லாத எண்ணெயை ஏற்றுக்கொள்ளவேண்டாம்.

நாள்தோறும் முடுக்குமுன் இயந்திரத்தைச் சமதரையில் வைத்து அளவுகோலை இழுத்துப் பாருங்கள். மட்டம் குறைந்திருப்பின் நிரப்புங்கள். மட்டம் தானாக உயர்ந்திருப்பின் அதனை நன்மை என்று எண்ணாதீர்கள். எரிபொருளோ தண்ணீரோ உள்ளே இறங்குகின்றது. அளவுகோலை முகர்ந்து பார்த்தால் பெற்றோல் அல்லது மண்ணெண்ணெய் மணம் வீசும். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துள்ளது. இந்நிலையில் எத்துணை நல்ல எண்ணெயும் தன் பாகுநிலையை இழந்துவிடும். குறையைத் திருத்தி, எண்ணெயை மாற்றிய பின்னரே இயந்திரத்தை இயக்குங்கள்.

சிறிய பெற்றோல் இயந்திரங்கள் பலவற்றின் கைநூல்கள், முதல் 20 மணித்தியாலத்தில் ஒருமுறையும், பின்னர் 100 மணித்தியாலத்துக்கு அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் எண்ணெய் மாற்றுமாறு கூறுகின்றன. இறைத்த மணித்தியாலங்களை ஒரு கொப்பியிற் குறித்துவாருங்கள். கழிவெண்ணெயைத் தோட்டத்திலோ வாய்க்காலிலோ ஊற்றவேண்டாம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்தில் அது விரைவில் நிலத்தடி நீரைச் சேரும். நாம் குடிப்பதும் இறைப்பதும் அந்நீரையே. மூடியுள்ள கலனிற் சேர்த்துக் கழிவெண்ணெய் எடுப்போரிடம் கொடுங்கள். பெயரில்லாத கலனில் அடைத்து விற்போரிடம் அது போய்ச் சேராதவாறும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிவுரை

கமக்காரர்களே, இலக்கம் எண்ணெயின் தடிப்பைக் கூறும். எழுத்து அதன் தரத்தைக் கூறும். பெயரும் முகவரியும் அவ்விரண்டுக்கும் பொறுப்பேற்பவர் யார் என்பதைக் கூறும். இம்மூன்றும் ஒருங்கே உள்ள கலனையே வாங்குங்கள். மேலே கூறிய கமக்காரர் இப்போது கடைக்குப் போகும்போது கைநூலிற் குறித்த துண்டைச் சட்டைப்பையில் எடுத்துச் செல்லுகின்றார். சென்ற போகத்தில் அவர் கேட்ட விபரத்தாளைக் கொடுக்க இயலாத கடைக்காரர், அடுத்த முறை அதனைத் தருவித்து வைத்திருந்தார். ஒருவர் கேட்டதனால் அது கிடைத்தது. ஊரில் எல்லோருங் கேட்பீர்களாயின், பெயரில்லாத கலன்களுக்கு அக்கடைகளில் இடமிராது.

மேலும் விபரம் வேண்டுவோர் தமது பிரிவின் விவசாயப் போதனாசிரியரிடம், இயந்திரக் கைநூலையும் பாவிக்கும் எண்ணெயின் கலனையும் கொண்டுசென்று காட்டுக.